கொக்கியில் ஒரு சின்னக் கோட்டு

கொக்கியில தொங்குற அந்தச் சின்ன லேப் கோட்டப் பத்தியா கேக்குறீங்க? சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு விடுகதை. வாய் கெடையாது, ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு கேக்கும். ஞாயித்துக்கிழமையும் விடாது. அழாது, கூப்பிடாது. ஆனா அதுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துட்டா அம்மா பேசிட்டிருக்குறத பாதியில விட்டுட்டு செருப்ப மாட்டிக்கிட்டு கெளம்பிடுவா. அது என்ன?

யோசிங்க, அவசரமில்ல. பெரியவர் உள்ள ஃபோன்ல இருக்கார், எப்படியும் அரை மணி நேரம் ஆகும். எங்க லேப் தலைவரத்தான் சொல்றேன். எல்லாரும் பெரியவர்னுதான் சொல்லுவோம், அவருக்கும் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருப்பார். உங்களுக்கு லேப சுத்திக் காட்டச் சொன்னார், காட்டியாச்சு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

கைக்குழந்தையா? இல்ல. கைக்குழந்தை அழுமே. நான் அழாதுன்னு சொன்னேன்ல.

செல்லுதாங்க. நாம தட்டுல வளக்குற செல்லு. ஆராய்ச்சிப் படிப்பு முடிச்சு வந்திருக்கீங்க, ஆறு வருஷம் அதுக்குத்தான் சோறு ஊட்டியிருப்பீங்க, உங்களுக்கே வரல பாருங்க. இது என் பொண்ணு போட்ட விடுகதை. அப்ப அவளுக்கு ஆறு வயசு. ஃபோன்ல போட்டா. நானும் உங்கள மாதிரியே கைக்குழந்தைன்னுதான் சொன்னேன். தோத்துட்டியா, தோத்துட்டியான்னு ரெண்டு தடவ கேட்டுட்டு, அப்புறம்தான் பதிலச் சொன்னா.

அந்தக் கோட்டு அவளோடதுதான். இப்ப ஒம்போது வயசு. போன மாசம் தைக்கக் குடுத்தேன். தையக்காரர் அளவு எங்கம்மான்னார். பொண்ணு ஊர்ல இருக்கா, இன்னும் இருபது நாள் கழிச்சுதான் வருவான்னேன். அப்ப ஒரு பழைய சட்டையாவது குடுங்கன்னார். எங்கிட்ட அவ போட்ட சட்ட ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில சுவத்துல ஒட்டியிருப்பாங்கல்ல, கொழந்தைங்க வளர்ச்சிக் கோடு, அத எடுத்து, போன வருஷம் அவ இருந்த உயரத்துலேர்ந்து கணக்குப் போட்டேன். நூத்தி முப்பத்தி ரெண்டு சென்டிமீட்டர். தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் இவ்வளவு. எழுதிக் குடுத்தா அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறி பாக்குறார். பெத்த பொண்ணுக்குக் கணக்குப் போட்டு அளவு குடுத்த அம்மாவ அவர் பாத்ததில்ல போல. ஆனா ஒண்ணு, கோட்டு கச்சிதமா இருந்துச்சு. கை ஒரு நூல் கூடல, ஒரு நூல் கொறையல. சட்டைங்களும் அதே கணக்குல வாங்கினேன். அதுவும் அளவு சரியா இருந்துச்சு. ஆனா பூப்போட்டது அவ இப்ப போடுறதில்லையாம். அந்த வளர்ச்சிப் படத்துல அதுக்கெல்லாம் கோடு இல்ல.

தண்ணி குடிங்க. குழாய் அந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கக் குழாய் பாத்திரம் கழுவ, அதுல குடிச்சிடாதீங்க.

உங்க ஃபோன்ல படத்தப் பாத்தேன். உங்க கொழந்தையா? ரெண்டரை வயசா. யாரு பாத்துக்குறாங்க? மாமியார். சரி. ரெண்டு நாள்தானே, இருந்துக்கும். நீன்னு சொல்லட்டுமா? பத்து வயசாவது பெரியவளா இருப்பேன். நீங்க நீங்கன்னு சொல்லி வாய் வலிக்குது. வேலை கெடச்சா எப்படியும் செல்லு வளக்குற ஒரே பெட்டியத்தான் ரெண்டு பேரும் தொறந்து மூடப்போறோம்.

விளம்பரத்த எங்க பாத்தம்மா? எங்க இணையப் பக்கத்துலயா? அத எழுதினதே நான்தான். பெரியவர் விஷயத்தச் சொல்லுவார், எழுதுறது நான். முனைவர் பட்டம் முடித்தவர்கள், செல் உயிரியலிலோ அது சார்ந்த துறையிலோ அனுபவம் உள்ளவர்கள், ஆர்வமும் தனித்துச் செயல்படும் திறனும் உடையவர்கள். தனித்துன்னு போடும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு. கடைசி வரிய நல்லாப் படிச்சியா? ஓராண்டுப் பணி, செயல்பாட்டைப் பொறுத்து நீட்டிக்கப்படும். எல்லா விளம்பரத்துலயும் அந்த வரி இருக்கும். நான் மூணு எடத்துல வேலை பாத்திருக்கேன், மூணுலயும் அதே வரி, ஒரு எழுத்து மாறல. இதுல மட்டும் எடுத்துடலாமான்னு யோசிச்சேன். எடுத்துட்டு வேற என்ன போடுறது? அப்படியே விட்டுட்டேன்.

மொத எடத்துக்குப் போகும்போது பொண்ணுக்கு நாலு வயசு. எங்க ஊர்ல இந்த மாதிரி லேப் கெடையாது. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல வாத்தியார், அவர் வேலைய விட்டுட்டு வரமுடியாது. பக்கத்து வீட்லயே நாத்தனார் இருக்காங்க. அவருக்கு அக்கா. தங்கமானவங்க. வாய் வார்த்தைக்குச் சொல்லல, நெஜமாவே. ஒரே வருஷம்தானே, போயிட்டு வா, அவள நான் பாத்துக்குறேன்னு அவங்கதான் மொதல்ல சொன்னாங்க. அன்னிக்குக் கெளம்பும்போது பொண்ணு அழல. வாசல்ல நின்னு டாட்டா காட்டினா. நான்தான் ரயில்ல உக்காந்து, எதிர்ல இருந்தவங்களுக்குத் தெரியாம இருக்கணும்னு ஒரு வாரப் பத்திரிகைய மூஞ்சிக்கு நேரா பிடிச்சிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு எதிர்ல இருந்த அம்மா மெதுவா சொன்னாங்க, தலைகீழா பிடிச்சிருக்கீங்கன்னு.

அங்க புண்ணு ஆறும்போது செல்லுங்க எப்படி நகருதுன்னு பாக்குற வேல. தட்டுல செல்ல நெறைய வளத்து, நடுவுல ஒரு கோடு கீறி, ரெண்டு பக்கமும் எப்படி ஊர்ந்து வந்து சேருதுன்னு படம் எடுக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். உனக்குத் தெரியாததா. பதினோரு மாசம் போனதே தெரியல. பன்னெண்டாவது மாசம் தலைவர் கூப்பிட்டு, நல்லா வருது, நடுவுல விட்டா வீணாயிடும், நீட்டிச்சுக்கலாமேன்னார். நான் ஊருக்கு ஃபோன் போட்டேன். இன்னும் ஒரு வருஷம், அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அவர் சரின்னார். ஃபோன பொண்ணுகிட்ட குடுத்தார். அவகிட்டயும் அதேதான் சொன்னேன். ஒரு வருஷம்னா எவ்வளவுன்னு கேட்டா. உன் பொறந்தநாள் இன்னொரு தடவ வரும்ல, அவ்வளவுன்னேன். அவ்வளவுதானான்னா.

ரெண்டாவது எடம் இன்னும் தூரம். அங்கயும் ஒரு வருஷம் ரெண்டாச்சு. அப்பவும் அதேதான் சொன்னேன், இன்னும் ஒரு வருஷம், அப்புறம் பாத்துக்கலாம். மூணாவது எடம் இங்கதான். இதே மாடி, இதே பெட்டி. இங்க வந்தப்பவும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நெஜமாத்தாம்மா சொன்னேன். பொய் சொல்லல. அடுத்த வருஷம் நிரந்தர வேல கெடச்சிடும், ஒரு கட்டுரை வந்துட்டா போதும், இந்தச் சோதனை மட்டும் முடியட்டும். இப்படித்தான் இருக்கும், உனக்குப் போகப்போகத் தெரியும். தெரியவேண்டாம். என்னமோ சொல்றேன்.

ஊருக்குப் போவேன், ஏன் போகாம? வருஷத்துக்கு ஒரு தடவ, பத்து நாள். மத்தபடி ஃபோன்தான். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பேசுவோம். ஞாயித்துக்கிழமை இந்தக் கட்டடத்துல யாரும் இருக்கமாட்டாங்க. வாசல்ல காவலர் ஒருத்தர் இருப்பார், சாப்பிட்டாச்சாம்மான்னு கேப்பார். சில ஞாயித்துக்கிழமை நேர்ல பாத்துப் பேசின ஒரே ஆளு அவர்தான். அவர் லீவுன்னா அதுவும் இல்ல. நான் கைய ஸ்பிரிட்ல தொடச்சு, கண்ணாடி மேடைக்குள்ள கைய விட்டுட்டு, ஃபோன வெளியில நிமித்தி வெச்சு, சத்தமா வெச்சுப் பேசுவேன். ரெண்டு கையும் உள்ள மாட்டிக்கும். அங்கேர்ந்து அவ, அந்த ஊன்னு ஒரு சத்தம் கேக்குதே அது யாருன்னு கேப்பா. காத்த வடிகட்டுற மெஷின்டா, கிருமி வராம இருக்கன்னு சொல்லுவேன். நீ பேசும்போதெல்லாம் அதுவும் கூட பேசுதும்மான்னுவா.

செல்லுன்னா என்னன்னு அவளுக்கு இப்படித்தான் சொல்லிக்குடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிள்ளைங்க, தட்டோட அடியில வயித்த ஒட்டிட்டுப் படுத்திருக்கும். சாப்பாடு ரோஸ் கலர்ல ஒரு தண்ணி. பழசாச்சுன்னா மஞ்சளாயிடும், அப்ப எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். எடம் பத்தலன்னா பிரிச்சு வேற தட்டுல போடணும். வேண்டாதப்ப ஐஸை விடக் குளிரான டப்பாவுல போட்டுத் தூங்க வெச்சுடலாம், பத்து வருஷம் கழிச்சு எழுப்பினாலும் அதே வயசுல எழுந்திருக்கும். அந்த டப்பாங்களப் பாத்துக்குறவர நீ பாத்தியே, நீலக் கையுறை போட்டுட்டு, சிரிக்காம இருந்தாரே. குளிர்ப்பெட்டிக்காரர்னு கூப்பிடுவோம். அவர் கதையெல்லாம் அவளுக்குச் சொல்லுவேன். ஒருநாள் அவ கேட்டா, ஏம்மா, தூங்குறப்ப அதுங்களுக்குக் கனவு வருமான்னு. வராதுன்னேன். அப்ப பத்து வருஷம் போனதே தெரியாதான்னா. தெரியாதுன்னேன். எழுப்பினவங்களுக்கு மட்டும் வயசாயிருக்கும்ல, அப்படின்னா. ஏழு வயசு அப்ப. அன்னிக்கு ஒரு தட்டுல ரெண்டு தடவ சாப்பாடு ஊத்திட்டேன்.

பெரியவர் இன்னும் முடிக்கல. சத்தம் கேக்குது பாரு. அவர் ஃபோன்ல பேசினா ஃபோனே வேண்டாம், ஜன்னலத் தொறந்தா போதும்.

ஆறு மாசம் முன்னாடி எனக்கு இங்க வேலை நிரந்தரமாச்சு. செல் வளர்ப்புப் பகுதிக்குப் பொறுப்பு. ஆணையக் கையில வாங்கினதும் மொதல்ல கடைசி வரியத்தான் படிச்சேன். நீட்டிக்கப்படும்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவ திருப்பிப் பாத்தேன், பின்பக்கமும் பாத்தேன். அப்புறம் வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, பொண்ண இங்க கூட்டிட்டு வந்துடலாம், பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு, நீங்க மெதுவா மாத்தல் கேளுங்கன்னேன். அவர் சொன்னார், இதுவரைக்கும் நீ முடிவு பண்ண, நான் முடிவு பண்ணேன், அக்கா முடிவு பண்ணா, இந்த தடவ பொண்ணக் கேப்போம். லீவுக்கு ரெண்டு வாரம் கூட்டிட்டு வரேன், இருந்து பாக்கட்டும். கடைசி நாள் கேப்போம். என்ன சொல்றாளோ அதுதான். ஒத்துக்குறியான்னார். ஒத்துக்கிட்டேன். என் பொண்ணுதானே, வேற என்ன சொல்லிடப் போறான்னு நெனச்சேன்.

வீடு மாத்தினேன். ரெண்டு அறை. அவ அறையில ஜன்னலுக்கு நேரா கட்டில். புத்தக அலமாரி. பள்ளிக்கூடத்துல பேசி எடம் வாங்கி வெச்சேன். தலைமையாசிரியர் அம்மா நல்லவங்க, லீவு முடியுற வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன்னாங்க. லேப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நான் எதையும் சொல்லாதவ, பாரு, இத மட்டும் மாடி மாடியா சொல்லிட்டேன். காவலர் தெனமும் கேப்பார், பாப்பா எப்ப வருதுன்னு.

அவ வந்து பாக்கும்போது ஒரு நல்ல விஷயம் காட்டணும்னு ஆசப்பட்டேன். அஞ்சு வருஷமா ஃபோன்ல சொன்னதுதானே, கண்ணால பாக்கட்டும். நாங்க இப்ப பண்றது இதயச் செல்லுன்னு உனக்குத் தெரியும். தோல்ல ஒரு துணுக்கு எடுத்து, அந்தச் செல்ல பொறந்த பச்சப்புள்ள நெலமைக்குத் திருப்பிக் கொண்டுபோய், அங்கேர்ந்து இதயச் செல்லா வளக்குறோம். அந்தக் கடைசிக் கட்டம் சரியா வந்தா பன்னெண்டு நாள்ல தட்டுக்குள்ள தானா துடிக்க ஆரம்பிக்கும். யாரு பாத்தாலும் வாயப் பொளப்பாங்க. நோயாளி செல்லோட ஒப்பிட்டுப் பாக்க, நோயில்லாத ஆளோட தோல் ஒண்ணு வேணும்ல, அதுக்கு நான்தான் குடுத்தேன். இங்க பாரு, முழங்கைக்கு மேல, கடுகு மாதிரி ஒரு தழும்பு. பட்டியல்ல எனக்குப் பேர் கெடையாது, ஏழாம் நம்பர். ஆக அந்தத் தட்டுல துடிக்கப்போறது என்னோடதேதான். அத அவ பாத்தா எப்படி இருக்கும்!

அதனால அவ வர்ற நாளையே மொத நாளா வெச்சு ஆரம்பிச்சேன். அவ கெளம்புறதுக்குள்ள துடிக்கணும். கணக்கு சரியா?

சிரிக்குற. உனக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்குப் புரியல பாரு. அவ வர்ற நாள் ஆரம்பிச்சா, அவ இருக்கும்போது அந்தப் பன்னெண்டு நாளும் நான் யாருக்குச் சாப்பாடு போடணும்? ஒருநாள் விட்டு ஒருநாள், குறிச்ச நேரத்துல, இந்த மருந்து இத்தன மணி, அந்த மருந்து இத்தன மணி. ஒரு தடவ தப்பினா துடிக்காது. குளிர்ப்பெட்டிக்காரர் அவரே வந்து சொன்னார், நான் பாத்துக்குறேன், நீங்க பொண்ணோட இருங்கன்னு. அவர் யாருக்கும் எதுவும் தானா வந்து சொல்லமாட்டார். நான்தான் வேண்டாம்னேன். அவர் கை கொஞ்சம் வேகம், ஊத்தும்போது செல்லு தட்டுலேர்ந்து பேந்து வந்துடும்னு பயம். அவளுக்காகத்தானே பண்றேன், நானே பண்றேன்னேன்.

அரை மணி நேரத்துல வந்துடுறேன்டான்னு சொல்லிட்டு வருவேன். அரை மணி நேரம் எப்ப அரை மணி நேரமா இருந்திருக்கு? மொத நாள் மூணு மணி நேரம். ரெண்டாவது தடவ அவளும் அவ அப்பாவும் பூங்காவுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டு, எனக்கு ஒரு தட்டுல எடுத்து மூடி வெச்சிருந்தாங்க. மூணாவது தடவ நான் கெளம்பும்போது அவ கதவுகிட்ட வந்து நின்னு டாட்டா காட்டினா. அதே மாதிரி. அஞ்சு வருஷம் முன்னாடி காட்டினா பாரு, மணிக்கட்ட மட்டும் ஆட்டி, அதே மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆனா மணி ஆயிடுச்சு, கெளம்பிட்டேன்.

அவ கொற சொல்ல மாட்டா. அதுதான். கோவிச்சுக்கிட்டு ஒரு சண்ட போட்டிருந்தா தேவல. நான் வந்ததும் தண்ணி எடுத்துட்டு வந்து குடுப்பா. உக்காருங்கம்மான்னுவா. ஆமா, ங்க போட்டுத்தான் பேசினா. ஃபோன்ல நீ வா போன்னு பேசுறவ, நேர்ல வந்ததும் வாங்க போங்க. அத்தைய நீ வான்னுதான் கூப்பிடுவா. காலையில எழுந்து போர்வைய அவளே மடிச்சு வெப்பா, பல் விளக்கிட்டு பிரஷ்ஷ ஊர்லேர்ந்து கொண்டுவந்த பெட்டியிலயே திருப்பி வெப்பா. குளியலறையில அவளுக்குன்னு ஒரு கப்பு, மஞ்சக் கலர்ல, பேர் எழுதி வெச்சிருந்தேன். அதுல வெக்கல. வேணும்னு பண்ணல, அவளுக்குத் தோணல. நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா அப்படித்தானே பண்ணுவாங்க.

பன்னெண்டாவது நாள் கூட்டிட்டு வந்தேன். கோட்ட போட்டுவிட்டேன். பட்டன் அவளே போட்டுக்கிட்டா. காவலர் சல்யூட் அடிச்சார். குளிர்ப்பெட்டிக்காரர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டார். தட்ட எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சேன். மொதல்ல நான் பாத்தேன். வருது. ஓரத்துல ஒரு எடத்துல, மூடின கண்ணு துடிக்குமே, அந்த மாதிரி, விட்டு விட்டு. அவள ஏத்தி உக்கார வெச்சேன். ரொம்ப நேரம் பாத்தா. கண்ண எடுக்கவே இல்ல.

இது யாரோடதும்மான்னு கேட்டா. என்னோடதுன்னேன். தழும்பக் காட்டினேன். தொட்டுப் பாத்தா. அப்ப உங்களுக்கு உள்ள இருக்குறது? அதுவும் இருக்கு, அதுவும் துடிக்குதுன்னேன். திரும்பக் குனிஞ்சு பாத்தா. பாத்துக்கிட்டே கேட்டா, நீங்க பக்கத்துல இல்லன்னாலும் இது துடிக்குமான்னு.

துடிக்கும்னேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ யாராவது சாப்பாடு மாத்தினா போதும், மாசக்கணக்கா துடிக்கும், நான் இல்லன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். பாடம் எடுக்குற மாதிரி சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே? நீ இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்ப. அவ தலைய ஆட்டிக்கிட்டா. நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டு எறங்கி, கோட்ட கழட்டி, மடிச்சு எங்கிட்ட குடுத்தா. எடுத்துட்டுப் போடா, உன்னோடதுன்னேன். இங்கயே இருக்கட்டும், இங்கதானே வேணும்னா. எனக்குச் சந்தோஷம் தாங்கல. இங்க இருக்கட்டும்னா இங்க இருக்கப்போறான்னுதானே அர்த்தம்? அதான் கொக்கியில மாட்டினேன். என் கோட்டுக்குப் பக்கத்துல.

அது முந்தாநாள்.

இல்லம்மா, பள்ளிக்கூடத்துல சேக்குறது எப்பன்னு நீ கேக்குற. காவலரும் காலையில அதையேதான் கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன். லேப்ல யாருக்கும் இன்னும் சொல்லல. ரெண்டு நாள் போகட்டும். உங்கிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல. வந்ததும் வராததுமா கோட்டப் பாத்துட்ட. வேற யாரும் கேக்கல, யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்ல.

உனக்கு நான் போன்னும் சொல்லமாட்டேன், வராதன்னும் சொல்லமாட்டேன். இந்த வேலை எனக்குப் புடிக்கும். இப்பவும் தட்டுல ஒண்ணு துடிச்சா எனக்கு உடம்பு சிலிர்க்கும். நீ உள்ள போனா பெரியவர் நாலு கேள்வி கேப்பார். மூணு உனக்குச் சுலபம். நாலாவது, ஒரு வருஷம் கழிச்சு என்ன திட்டம்னு கேப்பார். எல்லார்கிட்டயும் கேப்பார். அதுக்கு மட்டும் டக்குனு பதில் சொல்லிடாத.

இரு, ஃபோன வெச்சுட்டார். சத்தம் நின்னுடுச்சு. இப்ப கூப்பிடுவார். முடிய ஒதுக்கிக்க. கோப்ப மறந்துடாத, நாற்காலி மேல இருக்கு.

நேத்து மத்தியானம் சாப்பிடும்போது பொண்ணக் கேட்டோம். வீட்டுக்காரர்தான் கேட்டார். நான் கேட்டா என் மூஞ்சிய பாத்துப் பதில் சொல்லிடுவான்னு, என்னை அடுப்பு பக்கம் திரும்பி நிக்கச் சொன்னார். நின்னேன். ஊருக்குத் திரும்ப அவருக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். சாயங்காலம் போய் இன்னொண்ணு எடுத்தேன். இன்னிக்குக் காலையில ஏழரை வண்டி. ஏத்திவிட்டுட்டு நேரா இங்க வந்தேன், இன்னிக்கும் தட்டுல சாப்பாடு மாத்துற நாள்.

கூப்பிடுறார் பாரு, போ. அவளா? ரொம்ப யோசிக்கல. வாயில இருந்தத முழுங்கிட்டுச் சொன்னா, இன்னும் ஒரு வருஷம் அத்தை வீட்லயே இருக்கேம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு.